கன்றின் கணக்கு, குட்டியின் கணக்கு

மலேசியாவின் காஜாங், செமினி, டிங்கில் வட்டாரத்தில் மாடும் ஆடும் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் தலைமுறையாக வரும் பழக்கம் ஒன்று உண்டு. மாடு சினையாகி வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கிய பிறகு, அநேகமாக ஏழாம் மாதத்துக்கு மேல், அதற்குத் தனியாகப் புண்ணாக்கு வைப்பார்கள். ஆட்டுக்கு மடி இறங்கும்போது வைப்பார்கள். கையேடுகளும் இதையே சொல்கின்றன: சினைக்காலத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் தீவனத்தைக் கூட்டு. கன்றின் எடையில் பெரும்பகுதி அந்தக் காலத்தில்தான் ஏறுகிறது. பால் சுரப்புக்கும் அப்போதுதான் உடல் தயாராகிறது. ஆகவே அந்த அறிவுரையில் பிழையில்லை.

ஆனால் வயிற்றில் இருப்பது பெண்ணாக இருந்தால், அந்த ஏழாம் மாதத்துக்கு முன்பே அதன் வாழ்நாளுக்கான ஒரு பெரிய காரியம் முடிந்துவிடுகிறது. அது பிற்காலத்தில் ஈனப்போகும் கன்றுகளுக்கான கருமுட்டைகள் முழுவதும் அதன் சினைப்பையில் உருவாகி, பெரும்பகுதி அழிந்து, மிச்சமிருப்பது இருப்பாகச் சேர்ந்துவிடுகிறது. பிறந்த பிறகு அந்த இருப்பில் புதிதாக எதுவும் கூடுவதில்லை என்பதுதான் இன்றும் பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. மாட்டிலும் ஆட்டிலும் இது நடக்கும் விதம் ஒன்றுதான். நடக்கும் காலம் வேறு, அளவு வேறு, கெட்டுப்போகும் வழிகள் வேறு. மாட்டுக்குத் தெரிந்த கணக்கை அப்படியே ஆட்டுக்கும் பொருத்தும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

மாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 282 நாள். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சுமார் 148 முதல் 150 நாள். கருமுட்டையாகப் போகும் மூலச் செல்கள் சினைப்பையில் பிறப்பவை அல்ல. கரு உருவான தொடக்க வாரங்களில் வேறிடத்தில் தோன்றி, பின்குடலின் சுவர் வழியாக நகர்ந்து, சினைப்பை உருவாகப்போகும் மேட்டில் வந்து குடியேறுகின்றன. செம்மறியில் முப்பது, முப்பத்தைந்து நாளிலும் மாட்டில் நாற்பது நாளை ஒட்டியும் அந்த மேடு சினைப்பையா விதைப்பையா என்பது உருவத்தில் தெரிய ஆரம்பிக்கிறது. வந்து சேர்ந்த செல்கள் உடனே முட்டையாகிவிடுவதில்லை. பல வாரங்கள் வெறுமனே இரண்டாய், நான்காய்ப் பெருகிக்கொண்டிருக்கும். எலியில் இந்தக் காத்திருப்பு அநேகமாக இல்லை. அசை போடும் விலங்குகளில் இது நீளம்.

பிறகுதான் குன்றல் பகுப்பு, அதாவது மியாசிஸ், தொடங்குகிறது. தாயின் குரோமோசோமும் தந்தையின் குரோமோசோமும் இணைசேர்ந்து துண்டுகளை மாற்றிக்கொள்ளும் கட்டம் இதுவே. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் 55-ஆம் நாளை ஒட்டியும், மாட்டில் 75 முதல் 80-ஆம் நாளை ஒட்டியும் இது ஆரம்பமாகிறது. ஆனால் முடிவதில்லை. பாதியில் நின்று, பருவமடைந்த பிறகு ஒவ்வொரு முட்டையாக வெளியேறும் நேரம்வரை அப்படியே உறங்குகிறது. பத்து வயதுப் பசுவின் முட்டை அதன் தாய் வயிற்றில் தொடங்கிய வேலையைப் பத்தாண்டு கழித்து முடிக்கிறது என்று பொருள்.

எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசியில் எரிக்சன் என்பவர் மாட்டுக் கருக்களின் சினைப்பைகளைச் சீவல் சீவலாக வெட்டி எண்ணி, 1966-இல் வெளியிட்ட கணக்கு இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. 110-ஆம் நாளில் ஒரு மாட்டுக் கருவில் சுமார் 27 லட்சம் முட்டைச் செல்கள் இருந்தன. அடுத்த இரண்டு மாதத்தில், 170-ஆம் நாளுக்குள், அவற்றில் ஏறத்தாழ ஒரு லட்சமே மிஞ்சின. செம்மறியில் உச்சம் 75-ஆம் நாளை ஒட்டி எட்டு, ஒன்பது லட்சம். அங்கே சரிவு இன்னும் வேகம்: 90-ஆம் நாளுக்குள், அதாவது இரண்டே வாரத்தில், நான்கில் மூன்று பங்கு போய்விடுகிறது. அதன் பிறகும் சரிவு மெதுவாகத் தொடர்கிறது. கடைசியில் பிறக்கும்போது, விலங்குக்கு விலங்கு பெரிய வேறுபாடு இருந்தாலும், கன்றும் குட்டியும் ஒரு லட்சத்தைச் சுற்றிய இருப்போடுதான் வெளியே வருகின்றன. பெரிய பசுவுக்கும் சின்ன ஆட்டுக்கும் பிறப்பின்போது கையிருப்பு கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது, உடலின் அளவைக்கொண்டு நாம் போடும் எந்த ஊகத்துக்கும் ஒத்துவராதது. மனிதரிலோ கருவின் ஐந்தாம் மாதத்தில் அறுபது, எழுபது லட்சம் இருந்து, பிறக்கும்போது பத்து, இருபது லட்சம் மிஞ்சுகிறது. சினைக்காலம் நமக்கும் மாட்டுக்கும் ஒன்பது மாதம்தான். ஆனாலும் கணக்கு வேறு.

ஏன் இவ்வளவு அழிவு? முட்டைச் செல்கள் முதலில் கொத்துக் கொத்தாக, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கின்றன. கொத்து உடைந்து, ஒவ்வொரு முட்டையையும் ஒரு வரிசைத் துணைச்செல்கள் சூழ்ந்துகொண்டால்தான் அது நுண்பையாகி நிலைபெறும். சூழப்படாதவை மடிகின்றன. குரோமோசோம் இணைசேர்வதில் பிழை ஏற்பட்டவையும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கழிகின்றன. இந்தத் துணைச்செல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் நீண்ட காலம் கருத்துவேறுபாடு இருந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மாட்டுக் கருக்களை வைத்துச் செய்த ஆய்வு 2013-இல் அதற்கு ஒரு புதிய விளக்கம் தந்தது. சினைப்பையின் மேற்பரப்பை மூடும் செல்களும் முட்டையைச் சூழும் செல்களும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன என்பது அதன் சாரம்.

நுண்பை உருவாவது மாட்டில் 90-ஆம் நாளை ஒட்டி, செம்மறியில் 75-ஆம் நாளை ஒட்டி. உருவான நுண்பை வளரத் தொடங்குவது மாட்டில் 140-ஆம் நாள், செம்மறியில் 100-ஆம் நாள். இடையில் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள்: மாட்டில் 50 நாள், செம்மறியில் 25 நாள். நாள் கணக்கில் இரட்டிப்பு. ஆனால் சினைக்காலத்தின் பங்காகப் பார்த்தால் இரண்டிலும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் ஃபார்ச்சூனின் குழு மாட்டுக் கருச் சினைப்பைத் துண்டுகளை வெளியே வளர்த்துப் பார்த்து, கருவின் சினைப்பையே சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் இந்தத் தாமதத்தை உண்டாக்குவதாகக் காட்டியது. முட்டை முழுமையாக உறக்கநிலைக்குப் போகும்வரை வளர்ச்சியைப் பிடித்து நிறுத்திவைக்கும் ஏற்பாடு அது. கடைசியில், நீர் நிறைந்த பெரிய நுண்பைகள் மாட்டில் எட்டாம் மாதத்திலும் செம்மறியில் 135-ஆம் நாளிலும் தோன்றுகின்றன. இரண்டிலும் பிறப்புக்கு முன்பே.

இந்த நாட்களைச் சினைக்காலத்தின் பங்காக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாட்டில் முட்டைகளின் உச்சம் சினைக்காலத்தில் 39 விழுக்காடு கடந்த இடத்தில் வருகிறது. செம்மறியில் 51 விழுக்காட்டில். ஆடு நாள் கணக்கில் முந்துகிறது. ஆனால் தன் சினைக்காலத்தின் அளவில் பிந்துகிறது. மாடு தன் முதல் பாதியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஆட்டில் அது நடுவில் நடக்கிறது. இனி கையேட்டுக்குத் திரும்புவோம். கடைசி மூன்றில் ஒரு பங்கு என்பது மாட்டில் 188-ஆம் நாளுக்குப் பிறகு. அப்போது பெரும் அழிவும் முடிந்து, இருப்பும் சேர்ந்து, வளர்ச்சியும் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. ஆட்டில் கடைசிப் பங்கு தொடங்குவது 100-ஆம் நாளை ஒட்டி. வளர்ச்சி தொடங்கும் தறுவாயில் தீவனம் வந்து சேர்கிறது, ஆனால் பெரும் அழிவு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். இரண்டு விலங்குக்கும் நாம் தாமதமாகத்தான் போகிறோம். மாட்டுக்கு மிகத் தாமதமாக.

தாயின் தீவனம் உண்மையிலேயே வயிற்றுக்குள் இருக்கும் சினைப்பையைத் தொடுகிறதா? தொடுகிறது என்பதற்கு இரண்டு விலங்கிலும் சான்று உண்டு. அயர்லாந்திலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஒரு சோதனை என்னை மிகவும் பாதித்தது. கிடேரிகளுக்குக் கருவூட்டலுக்குச் சற்று முன்பிருந்து 110-ஆம் நாள்வரை, உடலைப் பராமரிக்கத் தேவையான தீவனத்தில் 60 விழுக்காடு மட்டும் கொடுத்தார்கள். அதன் பிறகு வயிறாரத் தீனி. பிறந்த கன்றுகளின் எடை குறையவில்லை. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் வளர்ந்த பிறகு ஸ்கேன் செய்தபோது, நன்றாகத் தின்ற தாய்களின் மகள்களோடு ஒப்பிட, இவற்றின் சினைப்பையில் வளரும் நுண்பைகள் 60 விழுக்காடு குறைவு. ரத்த அழுத்தமும் கூடுதல், பெருந்தமனியும் விரிந்திருந்தது. தீவனக் குறைப்பு முடிந்த அந்த 110-ஆம் நாள், எரிக்சன் எண்ணிய உச்சநாள். சோதனையை வடிவமைத்தவர்கள் அந்த நாளை வேண்டுமென்றே தேர்ந்திருக்கிறார்கள்.

செம்மறியில் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் இருந்த மெக்காலே நிலப்பயன்பாட்டு ஆய்வுக்கழகத்தில் 1990-களில் தொடங்கித் தொடர்ச்சியாக வேலை நடந்தது. பாதித் தீவனம் கொடுத்த தாய்களின் கருக்களில் முட்டைச் செல்கள் குன்றல் பகுப்பில் நுழைவது தாமதமானது. சினையின் ஒரு பகுதிக்காலத்தில் மட்டும் தீவனம் குறைத்தபோதும் 110-ஆம் நாள் கருவில் அடுத்த நிலைக்கு வளர்ந்த நுண்பைகள் குறைவாக இருந்தன. அப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த மறிகள் வளர்ந்த பிறகு ஒரு சுழற்சியில் விடும் முட்டைகளும் குறைந்தன. மாட்டில் குறைவது இருப்பு. ஆட்டில் குறைவது ஈற்றுக்கு எத்தனை குட்டி என்பது. வளர்ப்பவருக்கு இரண்டாவதுதான் உடனே கையில் தெரியும் நட்டம்.

ஒரு லட்சம் முட்டையில் பசு வாழ்நாளில் மிகச் சிலவற்றைத்தானே வெளியேற்றும், இருப்பு குறைந்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. வளரும் நுண்பைகளின் எண்ணிக்கை பசுவுக்குப் பசு எட்டிலிருந்து ஐம்பதுக்கு மேல்வரை மாறுகிறது. ஆனால் ஒரே பசுவில் அது ஆண்டுக்கணக்கில் அநேகமாக மாறாமல் நிற்கிறது. எண்ணிக்கை குறைந்த பசுக்கள் சினைபிடிப்பதில் பின்தங்குகின்றன என்று சில பால்பண்ணை ஆய்வுகள் காட்டின. எல்லா ஆய்விலும் அப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: தோட்டத்துப் பக்கம் வளரும் நம் மாடுகள் பத்து வயதைத் தாண்டியும் ஈனவேண்டியவை. குறைந்த இருப்போடு பிறந்த கிடேரி முதல் இரண்டு ஈற்றில் வித்தியாசம் காட்டாது. பின்னால் காட்டும்.

தீவனத்தால் இருப்பு குறைவது ஒரு வகை. சினைப்பை அடியோடு கெட்டுப்போவது இன்னொரு வகை. அதில்தான் மாடும் ஆடும் மிகத் தெளிவாகப் பிரிகின்றன.

பசு இரட்டைக் கன்று ஈன்று, அதில் ஒன்று காளை, ஒன்று கிடேரி என்றால், அந்தக் கிடேரி பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. மாட்டில் இரட்டைக் கருக்களின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் மிகத் தொடக்கத்திலேயே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. காளைக் கருவின் விதைப்பை முதலில் உருவாகி, பெண் உறுப்புகளை ஒடுக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது ரத்தத்தோடு தங்கையின் உடலுக்கும் போகிறது. அவளுடைய சினைப்பை வளர்ச்சி குன்றி, முட்டைச் செல்கள் மறைந்துவிடுகின்றன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிராங்க் லில்லி, அந்நகரத்து இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்த கருப்பைகளை ஆராய்ந்து 1916, 1917-இல் இதை விளக்கினார். அதே காலத்தில் வியன்னாவில் கெல்லரும் டான்ட்லரும் தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். ஹார்மோன் என்ற பொருள் ரத்தம் வழியாக இன்னொரு உடலின் பாலுறுப்பை மாற்றும் என்பதற்கு இயற்கையே செய்துகாட்டிய முதல் சான்று அது.

ஆட்டில் இரட்டைக் குட்டி சாதாரணம். கிடாவும் பெட்டையும் சேர்ந்து பிறப்பது அன்றாடச் செய்தி. அங்கே இந்த மலட்டுத்தன்மை அரிது, ஏனென்றால் நஞ்சுக்கொடிக் குழாய்கள் அபூர்வமாகவே கலக்கின்றன. ஆட்டில் பழகியவர் இரட்டைக் கிடேரியையும் நம்பி வளர்த்துவிடுவதற்கு இதுதான் காரணம். இரண்டு ஆண்டு தீனி போட்டபின் சினைபிடிக்காதபோது பழி மருத்துவர்மேல் விழும். பிறந்த முதல் மாதத்திலேயே கால்நடை மருத்துவர் ஒரு மழுங்கிய கண்ணாடிக்குழாயால் புழையின் ஆழத்தைப் பார்த்துவிடலாம். இயல்பான கன்றில் 12 செ.மீ.க்கு மேல் போகும். மலட்டுக் கிடேரியில் ஏறத்தாழ அதில் பாதிதான் போகும். ரத்தப் பரிசோதனை இன்னும் உறுதியாகச் சொல்லும்.

வெள்ளாட்டுக்கு வேறொரு வழியில் ஆபத்து வருகிறது. அது ரத்தக்குழாயில் இல்லை, கொம்பில் இருக்கிறது. ஐரோப்பியப் பால் ஆடுகளான சானென், ஆல்பைன், டோகன்பர்க் இனங்களில் கொம்பில்லாத ஆடுகள் உண்டு. கொம்பில்லாமை ஆதிக்கப் பண்பு: ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். ஆனால் இரு பெற்றோரிடமிருந்தும் அதே மரபணு மாற்றம் வந்த பெண் கரு, பெண்ணாக வளராது. சினைப்பைக்குப் பதிலாக விதைப்பை போன்ற உறுப்பு உருவாகும். கன்றைப்போல இன்னொரு கருவின் ரத்தம் தேவையில்லை. தன் செல்களுக்குள்ளேயே உத்தரவு மாறிவிடுகிறது. பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வுக்கழகக் குழு 2001-இல் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தது: டி.என்.ஏ.யில் சுமார் 11,700 எழுத்துகள் நீளமுள்ள ஒரு பகுதி காணாமல்போயிருந்தது. அது சினைப்பையைச் சினைப்பையாக வைத்திருக்கும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை இயங்கவிடாமல் செய்கிறது. 2014-இல் அந்த ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து, பெண் வெள்ளாட்டுக் கருவில் விதைப்பை உருவாவதையும் காட்டினார்கள்.

இங்கே மலேசியாவின் நாட்டாடு கம்பிங் காச்சாங்குக்கு ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. ஜமுனாபாரிக்கும் உண்டு. கொம்பில்லாத ஆடு பெரும்பாலும் சானென் ரத்தம் கலந்த பால் ஆட்டிலிருந்துதான் வருகிறது. முட்டாது, பார்க்க அழகு என்று கொம்பில்லாத கிடாவையே தேடி வாங்கி, கொம்பில்லாத பெட்டையோடு சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும் என்ற ஒரே விதி போதும், இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

நாட்டு இனங்களைத் தாழ்வாக நினைப்பவர்கள் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் கரோல் என்ற சிறிய செம்மறி உண்டு. 1792, 1793-இல் கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குப் போன வங்காள ஆடுகளின் வழியாக, அங்கே பூரூலா மெரினோ என்ற பல குட்டி ஈனும் வகை உருவானது. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டபோது, அதே மாற்றம் கரோலிலும் இருந்தது. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆய்வு நிறுவனம் அதைத் தக்காணி ஆட்டில் சேர்த்து ‘நாரி சுவர்ணா’ என்ற வகையை உருவாக்கியது. நியூசிலாந்தில் மெக்நாட்டியின் குழு கண்டது இன்னும் சுவையானது: இந்த மரபணு உள்ள கருவில் சினைப்பையின் வளர்ச்சி வேகம் குறைவு, இருப்பும் கூடுதலாக இல்லை. இருந்தும் அந்த ஆடு கூடுதல் குட்டி ஈனுகிறது. முட்டை எத்தனை சேர்ந்தது என்பது ஒரு கேள்வி, ஒவ்வொரு சுழற்சியிலும் எத்தனை வெளியேறுகிறது என்பது வேறு கேள்வி.

காஜாங்கில் நின்று இதையெல்லாம் எப்படிச் செய்வது? முதல் சிக்கல் சினை தெரிவதில் இருக்கிறது. பசுவுக்கு 60-ஆம் நாளுக்கு மேல் மருத்துவர் கைவைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். முட்டைக் கணக்கு சூடுபிடிப்பது 75-க்குப் பிறகு. ஆகவே பசுவில் தெரிந்துகொண்டு தீவனம் மாற்ற இரண்டு வாரம் கையில் இருக்கிறது. 75-இலிருந்து 140-ஆம் நாள்வரை பசு இளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிது. ஆட்டுக்கு அந்த வசதி இல்லை. ஸ்கேன் இல்லாமல் ஆட்டின் சினை நிச்சயமாகத் தெரிய மூன்று மாதம் ஆகும். அதற்குள் 55, 75, 90 எல்லாம் கடந்துபோயிருக்கும். ஆகவே ஆட்டில் சினை தெரியும்வரை காத்திருப்பதே தவறு. கிடாவைத் தனியே கட்டி, சேர்த்த தேதியைச் சுவரில் எழுதி, அன்றிலிருந்தே நல்ல தீவனம் வைக்க வேண்டும். கிடா மந்தையோடு ஆண்டு முழுக்கச் சுற்றும் கொட்டிலில் இது நடக்காது.

எந்தத் தீவனம் என்பதிலும் இரண்டும் பிரிகின்றன. செம்பனைத் தோட்டம் சூழ்ந்த நம் பக்கத்தில் மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. மாட்டுக்கு அது நல்ல தீனி. செம்மறிக்கு அதிகம் வைத்தால் அதிலுள்ள செம்பு ஈரலில் சேர்ந்து கொன்றுவிடும். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து, தீவனத்தில் துத்தநாகம் சேர்ப்பது செம்மறிகளைக் காப்பாற்றுவதைக் காட்டியிருக்கிறார்கள். மாட்டுக் கணக்கைச் செம்மறிக்குப் போட்டால் முட்டை இருப்பு மட்டுமா, தாயே போய்விடும்.

இன்னொன்றும் நடக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மேலே நான் சொன்ன எண்கள் டென்னசி மாட்டிலும் நியூசிலாந்துச் செம்மறியிலும் எண்ணப்பட்டவை. கெடா-கிளந்தான் மாடும், மலேசிய வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகமான மார்டி அதைப் பிரம்மன் இன மாட்டோடு கலந்து உருவாக்கிய பிராக்மாஸும், கம்பிங் காச்சாங்கும் இந்த வெயிலுக்கும் இந்தப் புல்லுக்கும் பழகியவை. லில்லி செய்தது பெரிய கருவி ஏதும் இல்லாமல், இறைச்சிக் கூடத்திலிருந்து வந்ததைப் பொறுமையாகப் பார்த்ததுதான். சிலாங்கூர் அறுப்புக் கூடங்களில் வயதான பசுவையோ ஆட்டையோ அறுக்கும்போது எப்போதாவது சினை வெளிப்படும். அந்தக் கருவின் உச்சந்தலையிலிருந்து வால் அடிவரை அளந்தால் அதன் வயதைக் கணித்துவிடலாம். இரண்டு சினைப்பைகளையும் ஃபார்மலினில் போட்டு, தாயின் உடல்நிலையையும் எழுதி, செர்டாங் கால்நடை மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினால், நம் மாட்டின் 110-ஆம் நாளும் நம் ஆட்டின் 75-ஆம் நாளும் எப்படி இருக்கின்றன என்று அங்கே உள்ள மாணவர்கள் எண்ணத் தொடங்கலாம்.